அழுக்குத் தெரியாத நிறம்

ராயக்கோட்டை ரோட்டில்
பஞ்சு பறக்கிற கடைக்குள்
இம்தியாஸ் பாய் சாம்பிள் புத்தகத்தை எடுத்துப் போடுகிறார்,
கல்யாண ஆல்பத்தின் கனம்.
ஓரமெல்லாம் ரம்பப் பல்லாய் வெட்டிய துண்டுகள்.
பெயர் கிடையாது, எண்தான்:
நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று.

"எப்படிப் பாக்கிறீங்க மேடம்,
அழுக்குத் தெரியாத கலரா?"

திம்மராயன் தலையாட்டுகிறார்.
கிரானைட் யார்டிலிருந்து நேரே வந்தவர்,
புருவத்தில் கல்மாவு, காதுமடலில் கல்மாவு.
அவர் விரல் போய் நின்ற துண்டும்
அவர் சட்டையும் ஒரே நிறம்.

பன்னிரண்டு வருடமாய்
இந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான்
வீட்டுக்கு ஒவ்வொன்றும் வாங்கியிருக்கிறோம்.
காபித்தூள் நிறத்தில் ஜன்னல் திரை.
செம்மண் நிறத்தில் மிதியடி.
மெத்தை விரிப்பில் பெரிய பெரிய பூ,
மாம்பழக் கறை விழுந்தால்
அதுவும் ஒரு பூவாகிவிடும்.
ஹால் பெயின்டைக்கூட
ஸ்விட்ச் பலகையைச் சுற்றிக் கைபடும் இடத்தை
மனதில் வைத்துத்தான் எடுத்தோம்.
என் புடவை அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ரெக்ஸின் சித்திரையில் தொடையோடு ஒட்டும்.
வெல்வெட்டில் விரலால் எழுதலாம்,
மகன் வீட்டுப்பாடமே போட்டுவிடுவான்.
சணல் மாதிரி ஒன்று,
முழங்கை சிவந்துவிடும் என்று பாயே ஒதுக்கினார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"இது மிஷின்ல தேச்சுப் பார்த்தது மேடம்.
முப்பதாயிரம் தடவை. ஒரு நூல் பிரியல."

முப்பதாயிரம்.
மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்,
மனசு தானாய் வகுத்தது:
நாளைக்கு இரண்டு தடவை உட்கார்ந்தால்
நாற்பத்தோரு வருடம்.
எனக்கு எண்பது ஆகிற அன்றைக்கும்
துணிக்கு ஒன்றும் ஆகாது.
சரி,
நாளைக்கு இரண்டு தடவை
நான் எப்போது உட்கார்ந்தேன்?
பழைய சோபாவில் என் பக்கம்
துவைத்த துணி குவிகிற பக்கம்.

அடுத்த தாளில் இருந்தது
இருநூற்றுப் பதினான்கு.
பெங்களூரா காயை அறுத்தால்
கொட்டையை ஒட்டி ஒரு வெளிர்மஞ்சள் இருக்குமே, அது.
டியூப்லைட்டை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோனேன்.
மேம்பாலத்தில் கல் ஏற்றிய லாரி முனகிக்கொண்டு போனது.
கோட்டை மலைமேல் மூன்று மணி வெயில்.
வெயிலில் துண்டு இன்னும் வெளுத்தது,
ஒரு தூசி ஒளிய இடமில்லை.

பின்னாலேயே வந்தவர் சொன்னார்:
"இதுல எல்லாம் தெரியுமே."

"தெரியும்," என்றேன்.

அந்தச் சொல்லை
எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாரோ,
மேற்கொண்டு கேட்கவில்லை.

பதினொரு மீட்டர்.
கால்குலேட்டரில் விழுந்த தொகையைப் பார்த்து
அவர் முகம் சுண்டியபோது
பாய்தான் வழி சொன்னார்:
"முதுகுப் பக்கம் சுவரைப் பாத்துத்தானே நிக்கும்?
அதுக்கு மட்டும் சார் எடுத்த துணி போட்டுடலாம்.
தொள்ளாயிரம் மிச்சம்."
அந்தத் தொள்ளாயிரத்தை
ராத்திரி சாப்பாட்டில் மூன்று தடவை சொன்னார் திம்மராயன்.
சாம்பல் நிறத்துக்கும் வீட்டில் ஓர் இடம் கிடைத்தது,
பல்லிக்கு மட்டும் தெரிகிற இடம்.

வியாழக்கிழமை மினிடோரில் வந்து இறங்கியது.
கால் கழுவினார், முகம் கழுவினார்,
மறுபடி கால் கழுவினார்.
பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தவர்போல
நுனியில் உட்கார்ந்து
செய்தி முடியும் முன்னே எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்,
கைப்பிடியில் ஒரு சாம்பல் நிழல்.
நான்கு விரல், தள்ளி ஒரு பெருவிரல்.
சரிந்து உட்கார்ந்து
எதற்கோ கையூன்றி எழுந்திருக்கிறார்.
எந்த நேரம் என்று தெரியவில்லை.
நான் ஆலையில் இருந்திருப்பேன்.

ஈரத்துணி கையில்தான் இருந்தது.
அதைத் தரையில் வைத்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்,
துணி புதிதாகி
நான் உட்கார்வது அது மூன்றாவது தடவை.