பதினான்காம் கேள்வி

ஃபஹாஹீலில், பேருந்து நிற்குமிடத்துக்கு எதிரே
டைப்பிங் கடை. இரண்டு மேஜை, ஒரு ஏசி,
அது ஒழுகுவதற்கு ஒரு நீல வாளி.
ஷைலஜா சேச்சி என் பத்தாக்காவை வாங்கிக்கொண்டு
அரபியில் என்னை அடிக்கத் தொடங்கினாள்.
சேவுகன். தகப்பன் பெயர் பெரியகருப்பன்.
தாத்தா பெயர் கேட்டாள், அதுவும் கருப்பன்தான்.
நாலாவதாக ஒரு பெயர் கேட்டாள்,
ஊர்ப்பெயரைக் கொடுத்தேன்.

எண்ணெய் ஆலைக்குள் போக வேண்டும்.
மூன்றாம் யூனிட்டில் ஒரு பிரஷர் கேஜைக் கழற்றி மாட்ட
ஒரு அரசாங்கம் என்னை நம்ப வேண்டும்.
நம்பினால் மாதம் முப்பது தினார் கூட.

பதினான்காம் கேள்வி:
எப்போதாவது போதைப்பொருள் உபயோகித்ததுண்டா?

இப்போது என்று கேட்டிருக்கலாம்.
போன வருஷம் என்று கேட்டிருக்கலாம்.
'எப்போதாவது' அடி தெரியாத சொல்.
கல்லைப் போட்டுவிட்டுக்
காதைக் கொடுத்து நிற்க வேண்டும்.

சத்தம் வந்தது.
தேவகோட்டை, பாலிடெக்னிக்குக்குப் பின்னால்
பாதியில் விட்ட தண்ணீர்த் தொட்டி,
இரும்பு ஏணியில் பதினெட்டுப் படி.
அமல்தாஸ் கஞ்சாவை உள்ளங்கையில் கசக்கி
விதையைப் பொறுக்கி என்னிடம் தருவான், எண்ணச் சொல்லி.
ஏழுக்கு மேல் நான் எண்ணியதே இல்லை,
சிரிப்பு வந்துவிடும்.
மூன்று செமஸ்டர், அவ்வளவுதான்.
ஒரு சனிக்கிழமை கீழே ஜீப் வந்து நின்றது.
எனக்குக் கால் நீளம், பின்பக்கம் குதித்துக்
கண்மாய்க்குள் ஓடிவிட்டேன்.
அவனுக்கு இடது செருப்பு
ஏணியில் மாட்டிக்கொண்டது.

கூட இருந்தவன் யாருடா என்று கேட்டார்களாம்.
யாரும் இல்லை என்றானாம்.
திங்கட்கிழமை பார்த்தேன், ஒரு பக்கக் கன்னம் பெரிதாக இருந்தது.
இட்லி வாங்கிக் கொடுத்தேன், மெல்ல முடியவில்லை.

ஊர் ஸ்டேஷனில் என்மேல் ஒன்றும் இல்லையென்று
ஊர் ஸ்டேஷனே முத்திரை குத்தித் தந்தது.
அவன் பாஸ்போர்ட்டுக்கு மூன்று தரம் போனான்.
இப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில்
செல்போன் கவர் விற்கிறான்.

பதினோரு வருஷம். ரத்தம் மறந்துவிட்டது,
கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டார்.
முடியில் தங்குமென்று கேம்ப்பில் ஒருவன் பயமுறுத்தினான்.
அந்தத் தொட்டிமேல் காற்றில் பறந்த முடியில்
ஒன்றுகூட இப்போது என் தலையில் இல்லை.
பாதி பாகிஸ்தானி சலூனில் போனது,
மீதி தானாகவே போனது.

"சேச்சி, பதினாலு..." என்றேன்.
"அது ஆத்யமே அடிச்சு வெச்சிருக்கு மோனே,
எல்லாருக்கும் 'லா' தான்.
மாத்தணுமா?"

ஏசி சொட்டியது.
திரையைப் பார்த்தேன்.
அரபியில் 'லா' என்ற எழுத்து
அடியில் ஒட்டி, மேலே பிரிகிற இரண்டு கோடு.
இரண்டு பேர் சாய்ந்து நிற்பதுபோல.
வேண்டாம் என்றேன்.

இருபத்திரண்டாம் கேள்வி:
பத்து வருஷத்துக்குமேல் உங்களை நன்கு அறிந்த
இருவர் பெயர், உறவினரல்லாதவர்.

மெஸ் நடத்தும் ராவுத்தரைச் சொன்னேன்,
சூப்பர்வைசர் டிக்ருஸைச் சொன்னேன்.
ராவுத்தருக்கு என் சாப்பாட்டுக் கணக்கு தெரியும்.
டிக்ருஸுக்கு என் பெயரே சரியாக வராது, 'சேவகா' என்பார்.

ஒன்றேகால் தினார் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.
புழுதிக்காற்று. கடல் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை.
அவனுக்குப் போன் போட்டேன்.
எல்லாம் சொன்னேன். அவன் பெயரைப் போடாததையும்.

"போட்டிருந்தா உன்னை பிளேன் ஏத்தியிருப்பானுங்க" என்றான்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும்.
"அது என்னடா, லா?"
"இல்லைன்னு அர்த்தம்."
"அட, நானும் அன்னைக்கு
அதைத்தானடா சொன்னேன்."

பிறகு, அங்கே கவர்
மொத்த விலைக்கு என்ன ரேட் என்று கேட்டான்.
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

பாஸ் இன்னும் வரவில்லை.