கேட்டுக்கு இந்தப் பக்கம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
ஊரே நிற்கும்.
அதுதான் பக்கிரிசாமியின் வேளை.

ரைஸ்மில் அம்பாசடரை பங்க்குக்குள் திருப்பியதுமே
வாளியோடு வருவார்.
கண்ணாடியில் அப்பிய பூச்சிகளை,
சம்பா அறுப்பென்றால் பதரையும் சேர்த்து,
நனைத்த பேப்பரால் வழிப்பார்.
பானெட்டைத் தூக்கி ஆயில் கம்பியை உருவி
காய்ச்சல் பார்த்த கம்பவுண்டர் மாதிரி
வெளிச்சத்தில் பிடிப்பார்:
"இன்னும் நூறு மைல் தாங்கும், போய்ட்டு வாங்க."
விற்க வேண்டிய ஆள்தான்.

சீமெண்ணெய் கலக்கிறார்கள் என்று பேச்சுண்டு.
இருக்கலாம்.
வலங்கைமான் வளைவில்
என் வண்டி இருமியிருக்கிறது.

மேட்டூர் திறக்காத வருஷம்
டீசல் கேன்கள் தண்டவாளம்வரை நின்றன.
மீட்டர் நின்ற பிறகும்
குழாயைத் தோளுக்குமேல் தூக்கி
ஒவ்வொரு கேனிலும் வடித்தார்.
அரைத் தம்ளர் இருக்கும்.
"உள்ள நிக்கிறதும் உங்க காசுதான்."
சித்தமல்லி அஞ்சம்மாள் கேனில் மட்டும்
மீட்டரைப் பார்க்காமல்
இன்னொரு தரம் அழுத்தினார்.
பின்னால் நின்றவர்கள்
ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ரயில் இன்னும் வந்திருக்கவில்லை.

இப்போது பைபாஸ் பங்க்கில்
தொப்பி போட்ட பெண்
"ஜீரோ பாருங்க சார்" என்கிறாள்.
பார்க்கிறேன்.
பணம் வந்துவிட்டதென்று
ஒரு சின்னப் பெட்டி கத்துகிறது.
அவள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

கண்ணாடியில் ஒரு தும்பி, ஒற்றைச் சிறகு
காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.
கேட்டா போட்டிருக்கிறது,
நான் இப்படி உட்கார்ந்திருக்க?