எட்டு

பாய் விரித்து எல்லாம் பரப்பியாயிற்று.
பேட்டரி ஆறு.
நாலுக்குப் பச்சை நூல் கட்டியிருக்கிறேன்; நல்லவை.
சிவப்பு நூல் இரண்டும்
கெட்டிமேளம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ளும் ரகம்.
ஆனாலும் விட்டுப்போக மனசில்லை.

பேட்டரியைப் பெரிய பெட்டியில் வைக்கக்கூடாதாம்,
கைப்பையில்தானாம்.
முனைக்கு முனை கறுப்பு டேப் ஒட்டினேன்.
வாய் பொத்தி உட்காரவைத்த பிள்ளைகள் மாதிரி
வரிசையாகக் கிடக்கின்றன.

ஈப்போவில் கல்யாணம்.
பெண் மாரண்டஹள்ளிக்காரி.
அவள் மஞ்சள் நீராட்டுக்கும் நான்தான் படம் எடுத்தேன்,
அவள் தம்பி காதுகுத்துக்கும்.
"வேற யாரு எடுத்தாலும் எனக்குச் சிரிப்பு வராதுக்கா"
என்றாள். டிக்கெட் வந்துவிட்டது.
பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்த பன்னிரண்டு வருஷத்தில்
நான் போன அதிகபட்ச தூரம் திருப்பதி,
அதுவும் மொட்டைக்கு.

சார்ஜர் ஒன்று, இரட்டைக் குழி.
அதன் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு
பக்க ஜிப்பில் வைத்தபோது
திம்மராஜ் கேட்டார்:
"அப்போ பாப்பாவுக்கு?"

நெபுலைசர் அலமாரியில் இருந்தது.
பின்பக்கம் இரண்டு ஓட்டை, பன்றி மூக்கு.
அதன் ஒயரை ஆடி மாசம் எலி கடித்தது.
அன்றிலிருந்து இரண்டுக்கும் இது ஒன்றுதான்:
பகலில் கேமராவுக்கு,
ராத்திரி தாரகையின் நெஞ்சுக்கு.
இது ஒரு ஏற்பாடு என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.
கொக்கியில் தொங்கும். எடுப்போம். மாட்டுவோம்.

மணி பத்தே முக்கால்.
எலெக்ட்ரிகல் கடை ஷட்டர் இறங்கிவிட்டது.
மூன்றாவது முறை போனை எடுத்த கடைக்காரர்
தூக்கத்திலேயே "திங்கக்கெழமை" என்றார்.
எனக்குப் பஸ் ஒன்றரைக்கு.

தர்மபுரியில் இருநூற்று நாற்பதுக்கு ஒரு அடாப்டர் வாங்கியிருந்தேன்.
எல்லா நாட்டுக்கும் என்று அட்டையில் உலக உருண்டை.
ஒயரின் காலில் மாட்டிப் பார்த்தேன்.
ஆடியது.
நம் ஊர் உருண்டைக் கால், அந்த ஊர்ச் சதுர ஓட்டை,
நடுவில் இந்தத் தரகர்
இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கினவர் போலச்
சாய்ந்து நின்றார்.

ஒயரை மடியில் போட்டுக்கொண்டு
இந்த முனையைத் தடவினேன், அந்த முனையைத் தடவினேன்.
சுவர்ப் பக்கத்து முனைதான் ஊருக்கு ஊர் வேறு.
சார்ஜர் பக்கத்து முனை எங்கே போனாலும் எட்டு,
இரண்டு குண்டுமணி ஒட்டிக்கொண்ட அதே எட்டு.
அந்த ஊர் எட்டுக்கு
அந்த ஊர்க் கால் முளைத்தே இருக்குமே.
தரகரே வேண்டாமே.
அடி மடச்சி, இருநூற்று நாற்பது ரூபாய்!

கல்யாண வீட்டுக்கு எழுதினேன்:
"வீட்ல ரேடியோ இருக்கா? பின்னால எட்டு மாதிரி ஓட்டை?"
அங்கே நேரம் ஒன்றரை. யாரும் தூங்கவில்லை.
முதலில் ரைஸ் குக்கர் ஒயர் படம் வந்தது.
மூன்று ஓட்டை.
"இது இல்லம்மா."
அடுத்து மாப்பிள்ளையின் ஷேவர்.
அதற்கும் ஓட்டை ஒன்றுதான், ஊசி போல.
அப்புறம் தூசி பிடித்த ஒரு சிடி பிளேயர்,
மருதாணி காயாத விரல்கள்
அதன் வாலைத் தூக்கிப் பிடித்திருந்தன.
எட்டு.

பையிலிருந்து எடுத்த ஒயரைக் கொக்கியில் மாட்டினேன்.
பிறகு அதையும் எடுத்து
நெபுலைசரிலேயே செருகிவிட்டேன்.
தாரகை புரண்டு படுத்தாள். இன்றைக்கு இழுப்பு இல்லை.

தக்காளி மண்டி வாசலில் பஸ் நின்றது.
லாரியில் கிரேட் ஏறிக்கொண்டிருந்தது. விலை என்னவோ,
ஆட்கள் பேசாமல் ஏற்றினார்கள்.
மடியில் பை. உள்ளே
வாலில்லாத சார்ஜர்,
வாய் பொத்திய ஆறு.

இராயக்கோட்டை தாண்டும்போது
திம்மராஜ் ஒரு படம் அனுப்பினார்.
வெறும் பாய்.
அதன் நடுவில்
டிரைபாட் தகடு.