ஒன்றரை மீட்டர்

ஏழு வயதில் இடுப்பில் இரண்டு ரிப்பன் ஒட்டிவிட்டார்கள்.
மஞ்சள். இழுத்தால் டர்ரென்று கையோடு வரும்.
ஆளைத் தொடக்கூடாது, ரிப்பனைத்தான் பிடுங்க வேண்டும்.
கமர்நிஷா என் சுடிதாரையும் சேர்த்துப் பிடுங்கினாள்.
அன்றிலிருந்து சினேகிதி.

பந்து அப்போது மூன்றாம் நம்பர்,
பப்பாளிப் பிஞ்சு அளவு.
சீத்தா கேம்ப் முடிந்து சதுப்புக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டல்.
ஆடி மழையில் அதுவும் பாதி கடல்.
பந்து எங்கேயோ முப்பது பேரும் அங்கே,
வெல்லத்தில் ஈ.

பத்து வயதில் நான்காம் நம்பர் பந்து.
பன்னிரண்டில், இனி ஆளையே சாய்க்கலாம் என்றார்கள்.
தெருவில் சும்மா நடந்துகொண்டிருந்த விஷயத்துக்கு
இங்கே சட்டம் இருந்தது:
தோளுக்கு மேலே போகாதே,
கட்டிப்பிடித்துத்தான் சாய்க்க வேண்டும்,
சாய்ந்தவள் பந்தை விட்டுவிட வேண்டும்.
விடுவதற்குத்தான்
எனக்கு ஒரு வருஷம் ஆனது.

பதினான்கில் பாதிப் பேர் இல்லை.
சடங்கு முடிந்ததும் ஸ்டெல்லாவை அனுப்பவில்லை.
பிரணாலிக்குக் கோவண்டியில் டியூஷன்.
கமர்நிஷா ஒரே ஒரு நாள் வந்தாள்,
வேலிக்கு வெளியே நின்றாள்,
ஆட்டம் முடியும்வரை பார்த்துவிட்டு
பால் வாங்கணும் என்று போய்விட்டாள்.
நான் அகலமாகிக்கொண்டே போனேன்.
வீட்டில் அது கவலை,
மைதானத்தில் அது பதவி:
ப்ராப். முதல் வரிசை.

ஸ்க்ரம்மில் எட்டுக்கு எட்டு.
காதும் காதும் உரசும்.
எதிரில் இருப்பவள் மத்தியானம் தின்ற வடாபாவ் வரை தெரியும்.
சின்னவர்களுக்கு ஒரு விதி:
ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது.
விசில் வந்துவிடும்.

அப்பாவுக்கு ஃபால்ஸ் சீலிங் வேலை,
தூங்கும்போதும் இடுப்பில் டேப்.
அதை உருவி வீட்டுக்குள் அளந்தேன்.
அடுப்பு மேடையிலிருந்து கட்டில் கால் வரை,
இரண்டு விரல் கூடுதல்.
"இம்புட்டுக்கா இந்தப் பாடு?" என்றார் அப்பா.
இம்புட்டுக்குத்தான்.

பதினெட்டு முடிந்த பதினோராம் நாள்
மான்குர்டில் ஆறு ஐம்பது வண்டி.
பத்து வருஷம் லேமினேட் செய்து சுமந்த பிறப்புச் சான்றிதழை
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.
கொலாபா பக்கம் ஒரு மைதானம், நிஜப் புல், அடியில் சேறு.
எங்கள் அணியில் ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள்,
ஒருத்திக்கு வீட்டுக்கடன்.
முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டே
வட்டி விகிதம் பேசினார்கள்.
எனக்கு எதிரே ரயில்வே போலீஸ் ஒருத்தி,
முப்பத்து மூன்று இருக்கும்,
கழுத்து அம்மிக்குழவி.

க்ரௌச்.
பைண்ட்.
செட்.

ஓரடி. மூன்றடி.
கட்டில் கால் வந்துவிட்டது என்று என் முதுகுக்குத் தெரிந்தது.
உடம்பு தானாகத் தளர்ந்து
விசிலுக்குக் காத்திருந்தது.

விசில் வரவில்லை.

அவள் நிற்கவில்லை.
என் குதிகால்கள் சேற்றில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு
கட்டிலைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி,
சந்தைத் தாண்டி, பொதுக்குழாய் வரிசையைத் தாண்டி
போய்க்கொண்டே இருந்தன.
மல்லாந்தபோது
அவள் கை கொடுக்கவில்லை.
பந்து வேறு பக்கம் போயிருந்தது, அவளும் போயிருந்தாள்.
பெரியவர்கள் ஆட்டம் என்றால் இதுதான் போல.

நாற்பத்தொன்றுக்கு மூன்று. தோற்றோம்.
எல்லோரும் டீக்குப் போன பிறகு திரும்பி வந்து பார்த்தேன்.
கோடுகள் அப்படியே, மழைத்தண்ணீர் நிரம்பி.
பையில் அப்பாவின் பழைய டேப்.
ஆறு மீட்டர் நாற்பது.

அந்த எண்ணை மட்டும் கமர்நிஷாவுக்கு அனுப்பினேன்.
வடாலா தாண்டும்போது பதில் வந்தது:
"யாரு தள்ளுனது?"

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
மான்குர்டில் இறங்கித் தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தபோதுதான்
மவுத்கார்டு இன்னும் பல்லில் இருப்பது தெரிந்தது.