பாத்தி என்று எழுதுங்கள்

கோட்டையூருக்கு மேற்கே அறுபத்து நான்கு மனைகள்.
மஞ்சள் பெயின்ட் அடித்த கல்தான்
இப்போதைக்கு வீடு.
நான் வந்தது
இந்த மண் எவ்வளவு குடிக்கும் என்று கேட்க.

கேட்பதற்கும் தண்ணீர் வேண்டும்.
சவேரியின் டேங்கர், ஆயிரத்து நானூறு ரூபாய்.
"மழை பேஞ்சா எங்க போகும்னு பாக்க
காசு குடுத்துத் தண்ணி வாங்குறீங்க" என்றார்.
ரசீதில் அதை எழுதித் தரவில்லை.

இரண்டு இரும்பு வளையங்கள், பெரியதற்குள் சின்னது.
பலகை வைத்துச் சம்மட்டியால்
நாலு விரல் இறக்கினாள் பாண்டிச்செல்வி.
இரண்டிலும் ஊற்றுவோம்.
எண்ணுவது உள்ளே இருப்பதை மட்டும்.
வெளிவளையத்து நீர்
பக்கவாட்டில் கசிந்து தொலையும்,
உள்நீர் நேராக இறங்கட்டும் என்று.
அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

முதல் ஒரு மணி நேரம்
மண் சொல்வதை நம்பக் கூடாது.
சித்திரையில் வெடித்துக் கிடப்பது
எதைக் கொடுத்தாலும் குடிக்கும்.
தாகம் அடங்கிய பிறகு
ஒரே அளவாய் விழுங்குமே, அதுதான் கணக்கு.
அதுவரை
நிழலென்று டேங்கரின் நிழல் மட்டுமே உள்ள பொட்டலில்
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
ஸ்கேலைக் குனிந்து பார்ப்பது வேலை.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடம்:
மணிக்கு மூன்று மில்லிமீட்டர்.
கீழே செம்புறாங்கல்; கடப்பாரை கணீரென்றது.
விற்காத நிலத்தைத்தானே பூங்கா ஆக்குவார்கள்.
லாரி திரும்பித் திரும்பி இறுகிய வடகிழக்கு:
ஒன்று.
அந்த ஒன்றும் வெயில் குடித்ததோ என்னவோ.
தென்மேற்கில் பதினேழாம் மனை,
சரளை கலந்த செம்மண்:
நாற்பத்தொன்று.
பாண்டிச்செல்வி ஸ்கேலைத் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தாள்.
நாற்பத்தொன்று.

வயிரவனிடம் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்.
கூரைநீர், சாலைநீர், எல்லாம் இங்கே வரட்டும்,
ஓர் ஆள் ஆழப் பள்ளம் போதும்,
கண்மாய் வரைக்கும் கான்கிரீட் வாய்க்கால் வேண்டாம்.
அவர் எண்ணைப் பார்க்கவில்லை.
மூலையைப் பார்த்தார்.
"கன்னி மூலையில பள்ளமா?
பக்கத்து மனைகூடப் போகாதும்மா.
ஈசானத்துல மாத்திக் குடுங்க."
மாற்றலாம், சார்.
படத்தில் எதையும் மாற்றலாம்.

அன்றிரவு காரைக்குடி லாட்ஜில்
மின்விசிறி காகிதத்தைத் தூக்கப் பார்க்க
நாற்பத்தொன்றை இரண்டால் வகுத்தேன்.
வண்டல் அடைக்கும்,
பத்து வருடத்தில் யாரும் தூர் வார மாட்டார்கள்,
அதனால் பாதி.
பிறகு அந்த ஒரே பள்ளத்தை உடைத்தேன்.
அதே சரளை ஓடுகிற மேற்கு வரிசையில்,
பதினேழிலிருந்து இருபத்தாறு வரை, சாலை ஓரமாய்
ஒரு சாண் ஆழம், நாலடி அகலம்,
மேலே வெட்டிவேர்.
பெய்தது இரண்டு நாளில் இறங்கிவிட வேண்டும்.
இல்லையென்றால் கொசு வந்து
என் பெயரைச் சொல்லும்.

மேசைமேல் கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரித்து
வயிரவன் சாண் போட்டுப் பார்த்தார்.
"இவ்வளவுதானா? இது பள்ளமே இல்லையே."
இல்லை, சார்.
"பாத்தி."
ஆமாம்.
"அப்ப பாத்தின்னே எழுதுங்க.
பள்ளம்ங்கிற வார்த்தை எங்கயும் வரக் கூடாது."

தேடி மாற்ற
கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது.
பதினான்கு இடங்களில்
ஒரே நொடியில் பள்ளம் தூர்ந்தது.

கையெழுத்துக்குப் போன அன்று
நாலரை மணிக்குக் கோடை மழை.
பாண்டிச்செல்வி போனில் கத்தினாள்,
ஈசான மூலை குளமாய் நிற்கிறதாம்,
சவேரியின் லாரி அச்சுவரை மூழ்கிக் கிடக்கிறதாம்.
பதினேழில்?
வளையம் பிடுங்கிய தடம் அப்படியே இருக்கு அக்கா,
ஒண்ணுக்குள்ள ஒண்ணா.
உள்ள வெளியன்னு இல்லாம எல்லாம் ரொம்பிருச்சு.
நேரம் குறிக்கவா?

வேண்டாம், இது சோதனை இல்லை
என்று நான் சொல்வதற்குள்

"அஞ்சு இருபதுக்கு மழை நின்னுச்சு.
இப்ப அஞ்சே முக்கால்.
காணோம்."