எண் 47

முட்டியைத் திறந்த அன்று
ஊசியில் உறிஞ்சிய வைக்கோல் நிற நீர்
என் கைக்குத்தான் வந்தது.
சுற்றவிட்டுப் பிரித்தேன்,
பெயரைக் கழற்றிவிட்டு எண் ஒட்டினேன்.
மைனஸ் எண்பதில் உறைந்திருக்கிறது.
கிருஷ்ணகிரியில் கரண்ட் போகும்போதெல்லாம்
நான் ஓடுவது அந்தப் பெட்டிக்கு.

ஒன்பது மாதம் கழித்து
எண்ணுக்குக் கால் முளைத்து வந்து நிற்கிறது,
ரத்தம் கொடுக்க.
திப்பம்மா.
மாங்கூழ் ஆலையில் பத்தொன்பது சீசன்
ஈரத் தரையில் நின்றே தோல் சீவியவள்.
காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ்.

படத்தில் உலோகம் நேராக இருக்கிறது.
டாக்டர் மடக்கினார், நீட்டினார்,
"ஜம்முனு இருக்கு" என்றார்.
மருமகன் கேட்டுக்கொண்டார்.
மேஸ்திரி காதுக்கும் போய்விட்டது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு
பழைய முட்டி வந்து உக்காந்துக்குது கண்ணு.
வெட்டினதை எங்க போட்டீங்க?"

மஞ்சள் பையில். எரித்துவிட்டார்கள்.
மிச்சம் சில சொட்டு என்னிடம் இருப்பதையும்
அதில் ஒரு புரதம் அன்றைக்கே
எகிறியிருந்ததையும் சொல்லவில்லை.
முந்நூறு முட்டிகள் சேர வேண்டும்,
ஒரு வலி நிஜமாக.
இதுவரை நூற்றுப் பன்னிரண்டு.

"வலிக்குதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு,
சீல் வெச்சு."

என் மேசையில் தேதி முத்திரை மட்டும்தான்.
பஞ்சை வைத்து மடக்கிப் பிடிக்கச் சொன்னேன்.
முழங்கை சத்தமில்லாமல் மடங்கியது.
அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தபோது
நாற்காலியின் கைப்பிடிதான் முனகியது.
குப்பியில் 47 என்று எழுதினேன்,
ஏழின் கால் கொஞ்சம் கோணலாக.