சுரண்டிய எண்

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
இரவு பதினொன்று. கரண்ட் இல்லை.
மடிகணினியில் இன்னும் பத்தொன்பது சதவீதம்.
திரையில் கன்றுத்தோல் ஏடு:
இலத்தீனை விட்டு இறங்கி
பழைய ஆங்கிலத்தில் வலை வீசுகிறார்கள் சீடர்கள்.
கலிலேயாவைக் கடல் என்றே எழுதிவிட்டான் எழுத்தன்,
உப்பில்லாத வெறும் வாவி அது.

ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்க்கிறேன்:
'மறுகா அவர் தோணியில ஏறினார்.'
சரியாகத்தான் இருக்கிறது.
அன்றைக்கு இதற்கு எரித்தார்கள்.
இன்றைக்குச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கடைசி ஏட்டில் ஆண்டு.
நூறைக் குறிக்கும் எழுத்து நான்கில் ஒன்றை
யாரோ கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள்.
தடை வருமுன்னே பிறந்த நூலாம்!
புறஊதா ஒளியில் எடுத்த படத்தில்
அந்த நூறு
ஆறிய காயம்போல் மினுங்குகிறது.

அப்பாவும் செய்தார் இதை.
தொண்ணூற்றொன்றில், சவர அலகால்,
யோக்கிம் அண்ணனின் பிறப்புப் பதிவில்
எழுபத்திரண்டை எழுபத்தேழாக்க
இரண்டின் அடிக்கோட்டை.
மீசையை மழித்ததும் அதே அலகுதான்.

கன்றுத்தோல் தாங்கும். தாள் தாங்காது.
சோதனைச்சாவடியில் அதை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்தான் ஒருவன்.
எண்ணின் அடியில் ஒரு துளை,
துளைக்குள் கொஞ்சம் வானம்.

விவரப் படிவத்தில் ஒரு கட்டம்: அழித்ததன் காரணம்.
'தெரியவில்லை' என்று போட்டேன்.
மறுகா அதை அழித்தேன்.
கட்டம் வெறுமையாய்க் கிடந்தால்
படிவம் மேலே போகாதாம்.